கோபேயின் மலைப்பக்கம்

மகனைப் பார்க்க ஜப்பான் போய்விட்டு வரலாம் என்று என் கணவர் சொன்னபோது நான் அமெரிக்காவில் பிஸ்கட்டவே நகரத்து எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்திருந்தேன். அந்த வருடம் நான் அதிகம் வாழ்ந்த இடம் அந்தச் சோபாதான். மருந்துக் கம்பெனி லேபிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சாய்ந்துவிடுவேன்.

"நீ வரேன்னு மட்டும் சொல்லு. டிக்கெட், ஹோட்டல் எல்லாம் நான் புக் பண்ணிடறேன்" என்றார்.

வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அதற்குத் தெம்பில்லை. சரி என்றேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவன். காலேஜ் முடித்ததும், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஒரு வருடம் போய்வருகிறேன் என்று கோபே நகரத்துக்குப் போனான். அந்த ஒரு வருடம் நான்கு வருடமாகிவிட்டது. இப்போது சரக்குக் கப்பல்களுக்கான காகிதங்களைத் தயார் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. நாங்கள் தமிழில் பேசினால் அவனுக்கு எல்லாம் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். மூன்று வயதில் டேகேர் போக ஆரம்பித்ததிலிருந்து அப்படித்தான்.

முந்தைய அக்டோபரில் என் இடது மார்பில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. அறுவை செய்து எடுத்தார்கள். அக்குளிலிருந்தும் நிணநீர்க் கணுக்கள் சிலவற்றை எடுத்தார்கள். பிறகு நான்கு வாரம், சனி ஞாயிறு தவிர தினமும் ரேடியேஷன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இனி சில வருடங்களுக்குத் தினம் ஒரு மாத்திரை போதும் என்றார் டாக்டர். கட்டி போய்விட்டது, களைப்பு போகவில்லை. தூங்கி எழுந்தால் தீர்கிற களைப்பு இல்லை அது. தூங்கி எழுவதே ஒரு வேலை போல இருந்தது.

இதை மகனிடம் சொல்லவில்லை. அப்போதுதான் அவன் புது வேலையில் சேர்ந்திருந்தான். சொன்னால் அடுத்த ஃபிளைட்டில் வந்து நிற்பான், வேலை போகும், விசா சிக்கலாகும் என்று நினைத்தேன். "எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்" என்று கணவரிடம் சொன்னேன். முடிந்த பிறகு, அதுதான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று தோன்றியது. ஊரிலும் யாருக்கும் சொல்லவில்லை. ரேடியேஷனுக்கு என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போன ஆபீஸ் தோழி ஒருத்திக்கு மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் கூப்பிட்டால் பெரும்பாலும் கணவர்தான் பேசுவார். "அம்மா தூங்கறாடா" என்பார். பல வாரங்கள் அது உண்மையாகவே இருந்தது. மார்ச் மாதத்துக்குப் பிறகு அவன் கூப்பிடுவதும் குறைந்தது.

ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் கோபே போய்ச் சேர்ந்தோம். ரயில் நிலைய வாசலில் குடையோடு நின்றான். மெலிந்திருந்தான். கட்டிப்பிடித்தபோது என் தோளைத் தொட்டும் தொடாமலும் பிடித்தான்.

"யூ லுக் டயர்ட், அம்மா."

"பதினாலு மணி நேரம் ஃபிளைட்டுடா" என்றேன்.

அந்த ஊர் மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு நீளப் பட்டை. வடக்கே எங்கே பார்த்தாலும் பச்சை மலை, தெற்கே துறைமுகம். அங்கே யாரும் வடக்கு, தெற்கு என்று வழி சொல்வதில்லை. மலைப்பக்கம், கடல்பக்கம் என்றுதான் சொல்கிறார்கள். பெரிய கடைகளின் வாசல்களுக்குக்கூட அப்படித்தான் பலகை மாட்டியிருக்கிறது என்று மகன் வாசித்துக் காட்டினான். எங்கள் ஹோட்டல் கடல்பக்கம் இருந்தது.

முதல் நாள் மாலை சீனக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனான். சிவப்புத் தூண் வைத்த வாசல், உள்ளே மூங்கில் கூடைகளில் ஆவி பறக்கும் பன்கள். அவன் பன்றி இறைச்சி பன் வாங்கி எங்கள் முன்னாலேயே கடித்தான். என் கணவர் திரும்பி ஒரு விளக்குக் கம்பத்தை ரொம்ப நேரம் ஆராய்ந்தார். எங்களுக்கு எள் உருண்டை கிடைத்தது. அங்கிருந்து கூரை போட்ட நீண்ட கடைவீதி. வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் துறைமுகம் திறந்த காலத்தில் இங்கே வந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவரும் ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றான். ரொட்டி, கேக், காப்பி, கோட்டுத் தைப்பது, ஜாஸ் இசை. கோபேக்காரர்கள் பலருக்குக் காலைச் சாப்பாடு சோறு இல்லையாம், ரொட்டிதானாம். அதைப் பெருமையாகச் சொன்னான், தன் சொந்த ஊரைப் பற்றிச் சொல்வதுபோல. நான் தலையாட்டிக்கொண்டே எங்கே உட்காரலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைக் குடைந்தது வேறொன்று. அவன் ஜப்பானிய மொழி பேசுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாக நேரில் கேட்டேன். பன் விற்ற பெண்ணிடம், டாக்சிக்காரரிடம், ஹோட்டல் கவுண்டரில் நின்ற வயதானவரிடம். குரலே மாறிப் பணிவாக, தாழ்ந்து, நிதானமாக வந்தது. இருபத்தேழு வருடமாக நான் தமிழில் பேசியிருக்கிறேன், ஒரு முழு வாக்கியம் திரும்ப வந்ததில்லை. இங்கே நான்கு வருடத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வாக்கியம் வாக்கியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். பொறாமைதான். வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் என் கணவர் தனியாகக் கிளம்பினார். அவர் நியூ ஜெர்சியில் பாலங்களைச் சோதிக்கும் எஞ்சினியர். கோபேக்குப் பக்கத்தில் கடலுக்குக் குறுக்கே ஒரு மாபெரும் தொங்குபாலம் இருக்கிறது. காலேஜில் படித்த நாளிலிருந்து அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். "நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா சுத்துங்க" என்று ரயில் ஏறினார். மகன் லீவு போட்டிருந்தான். என்னை மலைப்பக்கம் கூட்டிப்போனான்.

மலையடிவாரத்தில் அந்தக் காலத்து வெளிநாட்டு வியாபாரிகள் கட்டிய வீடுகள் இருக்கின்றன. ஏறிப்போகும் வழியிலேயே ஒரு மசூதி, அதன் மினார்களுக்குப் பின்னால் மலை. இன்னும் கொஞ்சம் தள்ளி, குஜராத்தி வியாபாரிகள் கட்டிய வெள்ளைப் பளிங்குச் சமணக் கோயில். வாசலில் செருப்புகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. எட்டிப் பார்த்துவிட்டு நடந்தோம். தெருக்கள் எல்லாம் செங்குத்தான சரிவு. மழை நின்று, வேகவைத்ததுபோல் புழுங்கியது. அவன் நீண்ட கால்களால் முன்னே போவான், நின்று திரும்பிப் பார்ப்பான், மறுபடி போவான். மாத்திரையால் என் முட்டிகள் ஏற்கனவே வலித்துக்கொண்டிருந்தன. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் அரை டம்ளர் காப்பியும்தான் உள்ளே போயிருந்தது. இந்த ஊரில் கழிப்பறை எங்கே இருக்குமோ என்ற கவலையில் தண்ணீரும் குடிக்கவில்லை.

"ஆல்மோஸ்ட் தேர், அம்மா" என்று மூன்று தடவை சொன்னான்.

கடைசியில் ஒரு பச்சை நிற மர வீட்டுக்குள் போனோம். யாரோ ஒரு ஐரோப்பிய வியாபாரி குடும்பத்தோடு இருந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். கணப்பு அடுப்பு, பியானோ, சாப்பாட்டு மேஜையில் தட்டுகள், குழந்தையின் தொட்டில். தங்கள் ஊர் வீடு எப்படி இருந்ததோ அப்படியே ஜப்பானிய மலையில் கட்டிவைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் துணி அலமாரியின் கதவைக் கழற்றிப் பூஜை அறை ஆக்கியது நினைவுக்கு வந்தது. அவர்கள் எங்கே போனார்கள் என்று மகனிடம் கேட்டேன். போர் வந்தபோது கிளம்பினார்கள், சிலர் இங்கேயே இறந்தார்கள், மலைமேல் வெளிநாட்டவர் கல்லறை ஒன்று இருக்கிறது, நாளை போகலாமா என்றான்.

மாடியில் ஜன்னலோரம் பட்டுத்துணி போர்த்திய ஒரு நாற்காலி இருந்தது. நான் அதில் உட்கார்ந்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கால்கள் தாமாகவே மடங்கின. ஜன்னலுக்கு வெளியே நகரமும் அதற்கப்பால் சாம்பல் நிறக் கடலும் தெரிந்தன. ஒரு நிமிடம் ரொம்பச் சுகமாக இருந்தது.

அங்கே காவலுக்கு இருந்த அம்மாள் கூடாது என்று கைகளைப் பெருக்கல் குறிபோலக் குறுக்கே வைத்துக்கொண்டு ஓடிவந்தார். அப்போதுதான் நாற்காலிக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தேன். அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன். மகன் அந்த அம்மாளைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். அவன் காது சிவந்திருந்தது.

"அம்மா, கெட் அப். ப்ளீஸ்."

அவமானத்தில் சட்டென்று எழுந்தேன். ஜன்னல் முதலில் வெளுத்து, பிறகு இருண்டது. அடுத்து நான் பார்த்தது கூரையிலிருந்த மர வேலைப்பாடு. தரையில் கிடந்தேன். என் தலை அவன் மடியில் இருந்தது. காவல்கார அம்மாள் விசிறிக்கொண்டிருந்தார், அவரும் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லடா, சரியா சாப்பிடல" என்றேன். அவன் கேட்கவில்லை. டாக்சி பிடித்து, சரிவின் கீழே இருந்த ஒரு சின்னக் கிளினிக்குக்குக் கொண்டுபோனான்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் கொடுத்த பச்சைச் செருப்பைப் போட்டுக்கொண்டோம். ஒரு படிவம் கொடுத்தார்கள். அவன் வேகவேகமாக நிரப்பினான். என் வயது, எடை, மயங்கி விழுந்த நேரம். "அலர்ஜி? நோ. சர்ஜரி? நோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வட்டம் போட்டான். என்னைக் கேட்கவில்லை. அம்மாவைப் பற்றி அவனுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? நான் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும், குட்டையாக வெட்டிய நரைத்த முடி. நர்ஸ் இரத்த அழுத்தம் பார்க்க என் இடது கையில் பட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள். கணுக்களை எடுத்த பக்கத்துக் கையில் அதைச் செய்யக்கூடாது என்று நியூ ஜெர்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். என் கை தானாகப் பின்னால் இழுத்துக்கொண்டது.

"இந்தக் கை வேண்டாம். அந்தக் கையில பாக்கச் சொல்லு."

"ஒய்?" என்றான்.

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். தோள் வலி என்றால் நம்பியிருப்பான். ஆனால் பொய்யை யோசிப்பதற்குக்கூட என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

"சர்ஜரி நடந்திருக்கு. போன அக்டோபர்ல. லெஃப்ட் சைட் மார்புல ஒரு கட்டி இருந்தது. கேன்சர். எடுத்துட்டாங்க. அப்புறம் நாலு வாரம் ரேடியேஷன் குடுத்தாங்க. இப்போ ஒண்ணும் இல்ல. தினம் ஒரு மாத்திரை சாப்பிடறேன்."

அவன் என்னைப் பார்த்தான். டாக்டர் அவனைப் பார்த்தார். அவர் அவனிடம் ஏதோ மெதுவாகக் கேட்டார். நான் என்ன சொன்னேன் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். அவன் டாக்டர் பக்கம் திரும்பினான். பிறகு ஜப்பானிய மொழியில் சொல்ல ஆரம்பித்தான். நடுவில் ஒரு சொல் தெரியாமல் நின்று, போனை எடுத்துத் தேடினான். விரல் இரண்டு தடவை தவறான இடத்தில் பட்டது. தேடிய சொல்லை டாக்டரிடம் காட்டினான். அவர் தலையசைத்தார்.

அதன் பிறகு கால்மணி நேரம் அவர் கேட்டார், அவன் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான், நான் தமிழில் பதில் சொன்னேன், அவன் அதை ஜப்பானிய மொழியில் சொன்னான். என் தமிழ் அவன் வாயிலிருந்து நேராக இன்னொரு பாஷையாக வெளியே போனது. எந்த நிலை, எத்தனை கணு, என்ன மாத்திரை, தூக்கம் வருகிறதா, வியர்க்கிறதா, மாதவிடாய் எப்போது நின்றது. ஒரு பிள்ளை அம்மாவிடம் கேட்காத கேள்விகள். எல்லாவற்றையும் ஒரே குரலில் கேட்டான். படிவத்தில் தான் போட்ட வட்டத்தின் மேல் இரண்டு கோடு கிழித்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதோ எழுதினான்.

உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். வலது கையில் சலைன் ஏற்றினார்கள். போகும்போது அவர் என் காலைத் தட்டி ஒன்று சொல்ல, நர்ஸ் சிரித்தாள். என்ன என்று மகனைக் கேட்டேன்.

"நோ மோர் மலைப்பக்கம்னு சொல்றாங்க. கடல்பக்கம் ஒன்லி."

திரை போட்ட கட்டிலில் ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். அவன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பிறகு பேசியது ஆங்கிலத்தில்தான், எனக்கு நினைவிருக்கிறபடி தமிழில் எழுதுகிறேன்.

யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டான்.

"அப்பாக்கு. அப்புறம் ஆபீஸ்ல ஒருத்திக்கு. அவதான் டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போவா."

ஆபீஸில் ஒருத்தி என்று அவன் திரும்பச் சொன்னான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் வந்திருப்பேனே அம்மா என்றான்.

"தெரியும். அதனாலதான் சொல்லல."

சலைன் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னதுதான் என்னை உலுக்கியது. நான் வீடியோவில் வராததும், வந்தாலும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனதும், தான் ஜப்பானிலேயே தங்கிவிட்ட கோபத்தால்தான் என்று நினைத்திருக்கிறான். அம்மா தூங்குகிறாள் என்று அப்பா சொல்லும்போதெல்லாம், தன்னோடு பேச எனக்குப் பிடிக்கவில்லை என்றே அவனுக்குக் கேட்டிருக்கிறது. அதனால்தான் கூப்பிடுவதைக் குறைத்தானாம். அம்மா பேசாமல் போனால் தாங்க முடியவில்லை, கூப்பிடாமல் இருந்தால் பேசாமல் போனது தெரியாது அல்லவா என்றான்.

எட்டு மாதம். நான் சோபாவில் படுத்துக்கொண்டு, பிள்ளைக்குக் கவலை கொடுக்காமல் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவன் இந்த மலை ஊரில், அம்மா தன்னைக் கைவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"கோபமே இல்லடா. நிஜமாவே தூங்கிட்டு இருந்தேன்" என்றேன். அபத்தமாக இருந்தது. அவன் சிரித்தான். பிறகு அழுதான். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அவன் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். நான் சலைன் ஏறாத கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டான், ஜாக்கிரதையாக, வலிக்குமா என்று கேட்டுவிட்டு.

சாயங்காலம் என் கணவர் பாலத்தின் நூறு படங்களோடு வந்தார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு குஜராத்திக் குடும்பத்தின் சாப்பாட்டுக் கடை இருந்தது. அங்கே போனோம். அவர் போனை நீட்டி, கேபிள் எத்தனை தடிமன் என்று ஆரம்பித்தார். மகன் படத்தைப் பார்க்கவில்லை.

"அப்பா. யூ நியூ அபவுட் அம்மா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சப்பாத்தியைத் தட்டில் வைத்தார்.

"தெரியும்டா. அம்மா சொல்ல வேண்டாம்னா, நானும் சரின்னுட்டேன். அவ மேல மட்டும் தப்பு சொல்லாதே" என்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "வாரா வாரம் பொய் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. நீ போனை வச்சப்புறம் பேஸ்மென்ட்ல போய் உக்காந்துப்பேன்" என்றார்.

அவர் பேஸ்மென்ட்டில் டிவி பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் களைப்பு வீடு முழுக்கப் பரவியிருந்ததில், அவருக்கும் ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. மகன் அவரோடு அன்று வேறெதுவும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்து வெளியே வந்ததும் அவர் கையிலிருந்த ஈரக்குடையை வாங்கி, உதறி, மடித்துக் கொடுத்தான்.

மீதி இரண்டு நாளும் கடல்பக்கம்தான். துறைமுகத்தில், 1995இல் வந்த பெரிய நிலநடுக்கத்தில் உடைந்த கரையை ஒரு துண்டு அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். விளக்குக் கம்பங்கள் சாய்ந்து நிற்க, பிளந்த கல்லுக்கு நடுவே தண்ணீர் ஏறி இறங்குகிறது. கணவர் அதைத் தொழில் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். மகன் ஒவ்வொரு அரைமணிக்கும் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். மூன்றாவது தடவை எரிச்சல் வந்தது. "போதும்டா, நான் என்ன செடியா?" என்றேன். அவன் பாட்டிலை எடுக்கவில்லை. குடித்தேன்.

அப்போது அவனிடம் நேராகவே கேட்டேன். "நீ திரும்பி வர மாட்டே, இல்ல?"

"ஐ டோன்ட் திங்க் சோ, அம்மா."

எதிர்பார்த்த பதில்தான். நானும் என் அம்மாவிடம் இப்படி ஒரு பதிலைத்தான் சொன்னேன், ஐ.எஸ்.டி. போனில், அதுவும் சுற்றிவளைத்து. இவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். கோபம் வருகிறதா என்று எனக்குள்ளேயே தேடிப்பார்த்தேன். வரவில்லை. கோபப்படத் தெம்பில்லையா, உண்மையிலேயே கோபமில்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆகஸ்டில் எனக்கு மறுபரிசோதனை இருந்தது. நாங்கள் கேட்காமலே அவன் பத்து நாள் லீவில் வந்தான். ஆஸ்பத்திரிக்கு அவன்தான் டிரைவ் பண்ணினான். எல்லாம் சரியாக இருந்தது. மீதி நாட்களில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. தன் பழைய அறையில் தூங்கினான், அப்பாவோடு மளிகைக் கடைக்குப் போனான், நான் சோபாவில் படுத்திருந்தால் எதிர்ப்பக்கம் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்தான். நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. களைப்பாக இருக்கிறது என்று நான் சத்தமாகச் சொன்னேன், அதுதான் புதிது.

அவன் திரும்பிப் போன அன்று மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் அவனை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தோம். பாதுகாப்பு வரிசையில் அவன் தலை மறைகிற வரை நின்றேன். ஹைவேயில் ஏறியதுமே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கார் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. இன்ஜின் அணைந்திருந்தது, ஜன்னல்கள் இறங்கியிருந்தன. என் கணவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் தூங்கு என்றார்.